என் இடது காலுக்கு ஏற்ற பெடல்

அன்பும் பொறுமையும் ஒருங்கே அமைந்த மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கே தங்கள் அக்கா முழு நலம். நான் வலது பக்கம் முழுவதும் நலம். அங்கே தாங்களும் வீட்டாரும் இரண்டு பக்கமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ‘தாங்கள்’ என்று ஆரம்பித்துவிட்டேனே தவிர, உன்னை அரைக்கால் சட்டையில் பார்த்தவனுக்கு இது நாலு வரிக்கு மேல் தாங்காது. இனி ‘நீ’ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ அனுப்பிய சைக்கிள் போன திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. ஜல்லி ரோடு, மலைப்பாதை எதிலும் ஓடும் என்று பெட்டியிலேயே படம் போட்டிருந்தது. பிரித்து, ஹேண்டில்பாரை நேராக்கி, சீட்டை மாட்டி, கூடத்திலேயே ஏறி உட்கார்ந்து காலை வைத்தேன். வைக்க இடமில்லை. வண்டிக்குப் பெடலே இல்லை! பெட்டியைக் கவிழ்த்து உதறினேன். ‘இனிமே என்ன சாக்கு அத்தான்?’ என்று நீ எழுதிய சீட்டுதான் விழுந்தது. “உன் தம்பி என்னைப் பழிவாங்குறான்” என்றேன் உன் அக்காவிடம். “அவன் உங்க மேல வச்ச பிரியத்துக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்” என்று சொல்லிவிட்டு அவள் அட்டைப்பெட்டியை மடிக்கப் போய்விட்டாள். பெடல் இல்லாததே ஒரு நல்ல சாக்கு என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு நிம்மதி வந்ததையும் உன்னிடம் மறைப்பானேன்.

ஆனால் ஒரு கேள்வி மண்டைக்குள் புகுந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பது உனக்குத் தெரியும். பெடல் இல்லாமல் ஒரு சைக்கிளை எந்தப் புண்ணியவான் விற்பான்? கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறாரே ஓர் அம்மாள், கையில் ஸ்பானர் இல்லாமல் பேசவே மாட்டார், அவரிடம் உருட்டிக்கொண்டு போனேன். “நல்ல வண்டிய பெடல் இல்லாமதான் சார் விப்பாங்க. செருப்பு மாதிரி அது. அவங்கவங்க காலுக்கு அவங்கவங்கதான் பாத்து வாங்கணும்” என்றார். முப்பத்துநாலு வருஷம் தபால்காரனாகச் சைக்கிள் மிதித்திருக்கிறேன், பெடலை ஒருநாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை.

அவர் மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதலாவது, இரண்டு பக்கமும் கொக்கியும் ஸ்பிரிங்கும் உள்ள சின்னஞ்சிறு பெடல். ஷூவுக்கு அடியில் ஓர் இரும்புத் துண்டைத் திருகிக்கொண்டு மிதித்தால் ‘டக்’ என்று கவ்விக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் ‘டக்’ என்று விட்டுவிடும். இதற்கு கிளிப் இல்லாத பெடல் என்று பெயராம். கவ்விப் பிடிக்கிறதே, பிறகென்ன ‘இல்லாத’ என்று கேட்டேன். முன்பெல்லாம் கால்விரலுக்கு மேல் கூண்டு மாதிரி ஒரு கிளிப்பும் வாரும் இருந்ததாம், அது இப்போது இல்லையாம். சரி, பெயர் வைத்தவன் பாடு. சேற்றில் மிதித்தால் சேறு அடைக்காதா என்றேன். அதற்காகத்தான் இவ்வளவு திறந்த வெளியாகச் செய்திருக்கிறார்கள் என்றார். ஷூவோடு நடந்தால் வழுக்காதா என்றேன். இரும்புத் துண்டு அடிப்பாகத்தில் பள்ளத்துக்குள் இருக்கும், தரையில் படாது என்றார். இரண்டாவதைக் கேட்க வாயெடுப்பதற்குள் “முதல்ல இத மாட்டிப் பாருங்க சார்” என்று என்னைக் கிளப்பிவிட்டார்.

வீட்டில் நானே மாட்டினேன். வலது பெடல் சமர்த்தாக ஏறியது. இடது பெடல் ஏறவே இல்லை. அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகுதான் தெரிந்தது, இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கமாம். உலகத்தில் எல்லாத் திருகும் ஒரு பக்கம் சுற்ற, இது மட்டும் மறுபக்கம். மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். இதை யோசித்தவன் யாரோ, அவன் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் என் இடது பக்கத்துக்கும் உலகத்துக்கும் ஒத்துப்போகாது என்று அப்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் ஐம்பது தடவை மாட்டிக் கழற்றச் சொல்லியிருந்தார். சமையலறைக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்தி டக், டக் என்று பழகினேன். உன் அக்கா துவைத்த துணிக்கூடையோடு எதிரே வந்து நின்று, “நான் போகணுமா, இல்ல டிக்கெட் எடுக்கணுமா?” என்றாள். நான் நூறு எண்ணி முடிக்கும்வரை அவளை நிற்கவைத்தேன். அவ்வளவு தன்னம்பிக்கை.

மறுநாள் காலை தெருவில் இறங்கினேன். கால் இரண்டும் வண்டியோடு ஒட்டிக்கொண்டதில் மிதிப்பது சுகமாகத்தான் இருந்தது. தையற்கடைக்காரர் கதவைத் திறந்துகொண்டே, “என்ன சார், நமக்கு ஏதாவது இருக்கா?” என்றார். நான் ஓய்வுபெற்று மூன்று வருஷமாகிறது, அவருக்கும் தெரியும், ஆனாலும் கேட்பார். நானும் பழக்கத்தில் பிரேக் பிடித்து இடது காலை ஊன்றினேன். ஊன்றினேன் என்று மனம் நினைத்தது, கால் பெடலிலேயே இருந்தது. வேகமாகப் போய் விழுந்தால் அதற்கு ஒரு மரியாதை உண்டு மைத்துனா. நின்ற இடத்திலேயே, ஒரு தும்மல் போடுகிற நேரம் எடுத்துக்கொண்டு, ஆற அமரச் சாய்ந்தேன். எழுந்து துடைத்துக்கொண்டு போனால், கணக்கு டீச்சர் வீட்டு வாசல். அவர் கையைத் தூக்கினார், நான் விழுந்தேன். மூன்றாவது வாசலில் யாருமே இல்லை. ஆனால் அந்த வீட்டுக்கு ஒரு காலத்தில் தினமும் கடிதம் வரும். கால் தானாக நின்றது, நான் தானாக விழுந்தேன். அந்த வீட்டு நாய்கூடக் குரைக்காமல் வந்து முகத்தை முகர்ந்து பார்த்தது.

கடைக்கார அம்மாள் ஸ்பிரிங்கைத் தளர்த்தினார். எந்தப் பக்கம் திருகினாலும் விட்டுவிடும் வேறு இரும்புத் துண்டு மாட்டினார். இரண்டு வாசல் விழுந்தேன். ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் தட்டை என்று இரண்டுங்கெட்டான் பெடல் ஒன்று கொடுத்தார். எனக்குத் தட்டை வேண்டும்போதெல்லாம் அது கொக்கியைக் காட்டியது. ஒரு வாசல் விழுந்தேன். கடைசியில் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு (அப்போதே எனக்கு பயம் வந்துவிட்டது), “சார், உங்களுக்கு மிதிக்கிறது பிரச்சினையே இல்ல. நிக்கிறதுதான் பிரச்சினை. வாசலப் பாத்தா உங்க கால் உங்களக் கேக்கறதே இல்ல” என்றார்.

அதை அப்படியே உன் அக்காவிடம் சொன்னேன், சிரிப்பாள் என்று. அவள் சிரிக்கவில்லை. முழங்கைக்கு மருந்து தடவிக்கொண்டே, “ஊர்ல இருக்கிற எல்லார் வாசல்லயும் நின்ன கால்தானே அது. என் தம்பி பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜல்லி ரோட்டுல குடிபோய் அஞ்சு வருஷம் ஆகுது. அவன் வாசல்ல ஒரு தடவ நின்னுதா?” என்றாள். மருந்து எரிந்தது.

நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருந்தபோது லீவு இல்லை என்றேன். பிறகு அந்த ஜல்லி ரோட்டில் பஸ் இல்லை என்றேன். நீ காரில் அக்காவை அழைக்க வரும்போதெல்லாம் எனக்குத் தலைவலி வந்தது. ஒன்றுமே காரணமில்லை. கையில் கடிதம் இல்லாமல் ஒரு வாசலில் போய் எப்படி நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடிதம் இருந்தால் மணியை அடிப்பேன், கொடுப்பேன், இரண்டு வார்த்தை பேசுவேன், போய்விடுவேன். வெறுங்கையோடு மணி அடித்தால் எதற்கு வந்தாய் என்று நீ கேட்க மாட்டாய்தான். ஆனால் நானே என்னைக் கேட்டுக்கொள்வேன். உன்னைப் பார்க்க எனக்கு ஆசை இல்லாமல் இல்லை, அதை மட்டும் தப்பாக நினைக்காதே.

ஆகவே நன்றாக யோசித்து முடிவுக்கு வந்துவிட்டேன். கொக்கி வைத்த பெடல்கள் அத்தனையையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. சாதாரணத் தட்டைப் பெடல் ஒன்றை மாட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டிப் பழகுகிறேன். ஜல்லி ரோடு இந்த வயதில் வேண்டாம். மழைக்காலம் முடியட்டும், உடம்பும் தேறட்டும், பிறகு பார்க்கலாம். என்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்காதே. இந்தக் கடிதத்தை நாளைக் காலை முதல் வேலையாகத் தபாலில் சேர்க்கிறேன்.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, உனக்கு இரண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் விழுந்த வாசல்களின் எண்ணிக்கை தவிர மற்றதை மறந்துவிடு. காலையில் ஸ்டாம்ப் ஒட்ட எடுத்தபோதுதான் பார்த்தேன், என் கையில் ஒரு கடிதம் இருக்கிறது, அதில் உன் விலாசம் இருக்கிறது! ஸ்டாம்ப்பைத் திரும்ப டப்பாவில் போட்டேன். இன்னொன்றும் உறைத்தது. பாலத்துக்கு அப்புறம் பதினோரு கிலோமீட்டருக்கு உன் வாசலைத் தவிர வேறு வாசலே கிடையாது. என்னை நிறுத்த யாரும் இல்லை. கடைக்கு ஓடிப்போய் அந்தச் சின்னக் கொக்கிப் பெடலையே கேட்டேன். அம்மாள் அதை ஏற்கெனவே துடைத்துத் தனியாக எடுத்து வைத்திருந்தார். பாலம்வரை வண்டியை உருட்டிக்கொண்டே வரப்போகிறேன், அதற்குப் பிறகு காலை மாட்டிக்கொண்டு ஒரே மிதி. உன் அக்கா காலையிலேயே தண்ணீர் பாட்டிலை நிரப்பிவிட்டாள், இத்தனைக்கும் நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இதை நீ இப்போது படிக்கிறாய் என்றால், நான் உன் வாசலில் இடது பக்கமாகக் கிடக்கிறேன், கிடந்தபடியே கையை நீட்டி உன்னிடம் இதைக் கொடுத்திருக்கிறேன். படித்து முடித்தாயிற்றா? சரி, குனிந்து என் இடது குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்பு. ‘டக்’ என்று கேட்கும். அப்புறம் உள்ளே போய் உட்கார்ந்து பேசலாம், இன்றைக்கு எனக்கு வேறு வாசல் கிடையாது.