பதினோரு ஆடும் நாற்காலிகள்

மதிப்பும் பதவியும் கூடிய அப்பாவுக்கு,

உங்கள் கடைக்குட்டி பயத்துடன் எழுதுவது. இங்கு அம்மா, அக்கா, நான் மூவரும் நலம். நீங்கள் நலமா என்று இப்போது கேட்கவில்லை. இதைப் படித்து முடித்த பிறகு எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். எல்லாரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். என் கையெழுத்து கோணலாக இருந்தால் அது போர்வையின் குற்றம். உங்கள் கையெழுத்துக்கு எதைக் குற்றம் சொல்வது என்று தெரியவில்லை.

எல்லாம் அந்தக் கையெழுத்தால் வந்த வினைதான். நீங்கள் தூதரக வேலைக்குப் போனதிலிருந்து மாதம் ஒரு முறை தூதரகப் பையில் அரசாங்கக் காகிதங்களோடு உங்கள் கடிதம் வருவதும், அதைக் கேட்க உங்கள் நண்பர்கள் மூவரும் ஞாயிறு நாலு மணிக்கு நம் கூடத்தில் கூடுவதும், சரித்திர மாமா உறையைக் கத்தரித்து என்னிடம் நீட்டுவதும் உங்களுக்குத் தெரியும். ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டைப் படிக்கிற அவரே உங்கள் எழுத்தைப் பார்த்து, "மைக்கூட்டில விழுந்த எறும்பு வீட்டுக்குப் போன வழிடா இது" என்று கைவிட்டுவிட்டார். கணக்கு மாமாவுக்கும் அகராதி மாமாவுக்கும் அது எறும்பின் வழி என்றுகூடத் தெரியவில்லை. படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு உறைக்குள் ஒரே ஒரு தாள். பார்த்தேன். 'அலுவலகச் சாமான்கள். நாற்காலி முப்பத்தாறு, அதில் கால் ஆடுவது பதினொன்று. திரைச்சீலை நாலு. சுவர்க் கடிகாரம் இரண்டு, ஓடாதது இரண்டு.' அரசாங்கத்துக்குப் போக வேண்டியதை நண்பர்களுக்கும், நண்பர்களுக்கு எழுதியதை அரசாங்கத்துக்கும் மாற்றிப் போட்டுவிட்டீர்கள். போன கடிதத்தில் உங்கள் மேலதிகாரியைக் காற்றுப் போன பந்து என்று எழுதியிருந்தீர்களே, இந்த மாதமும் பந்து உருண்டிருந்தால் உங்கள் வேலை என்ன ஆகும் என்று நினைத்து நான் நிற்க, சரித்திர மாமா, "என்னம்மா, அப்படி என்ன எழுதியிருக்கான்?" என்றார். உண்மையைச் சொன்னால் ராத்திரிக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். வாயைத் திறந்தேன். தானாக வந்தது.

'நண்பர்களே, இந்த நாட்டின் பழைய ஆலோசனை மண்டபத்தில் முப்பத்தாறு நாற்காலிகள். பதினொன்றுக்கு வேண்டுமென்றே ஒரு கால் குட்டை. அதிகம் பேசுகிறவர்களை அதில்தான் உட்கார வைப்பார்கள். ஆட்டம் தாங்காமல் சீக்கிரம் முடித்துக்கொள்வார்கள். ஆகவே கடிகாரம் தேவையில்லை என்று நிறுத்திவிட்டார்கள்.'

சரித்திர மாமா எழுந்தே நின்றுவிட்டார். "இது அரசியல் தத்துவம்டா." கணக்கு மாமா, "முப்பத்தாறுல பதினொண்ணு. மூணுல ஒரு பங்குக்கும் குறைவாத்தான் வாயாடிங்க. நம்ம ஊர்ச் சங்கத்துக்கு முப்பத்தாறும் வேணும்" என்றார். அகராதி மாமா, "அந்த நாற்காலிக்கு அவங்க பாஷையில என்ன பேரு? அதைப் படி" என்றார். "அதை எழுதலை மாமா." "எழுதமாட்டானே. முக்கியமானதை எப்பவும் விட்டுடுவான்." தேநீரோடு வந்த அம்மா, "நம்ம வீட்டு நாற்காலி ஒடைஞ்சு ஒரு வருஷமாச்சு, அதைப் பத்தி ஒரு வரி கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போது கணக்கு மாமா கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "பின்பக்கமும் எறும்பு ஓடியிருக்கே" என்றார். "மை ஊறியிருக்கு மாமா" என்று தாளை மடித்துவிட்டேன். அன்றைக்கு அட்லஸுக்குள் ஒளித்ததுதான், பயத்தில் இன்னும் தொடவில்லை.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. கணக்கு மாமா சோதித்துப் பார்க்கிறேன் என்று தன் நாற்காலிக் காலில் ஒரு விரற்கடை அறுத்து, போதவில்லை என்று இன்னொரு விரற்கடை அறுத்து, மூன்றாவது விரற்கடையில் உட்கார்ந்து விழுந்தவரை அத்தை வந்து தூக்கும்படி ஆயிற்று. இன்னும் ஒரு பக்கமாகத்தான் நடக்கிறார். ஆனால் அதே நாற்காலியைச் சங்கத்துக்குத் தூக்கிப் போய்த் தலைவரை உட்கார வைத்தார்களாம். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் பேசும் தலைவர் பன்னிரண்டு நிமிடத்தில் நன்றி சொல்லிவிட்டார். எல்லாரும் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனார்கள். ஊரில் உங்களுக்கு ஏக மரியாதை. சரித்திர மாமா கட்டுரையே எழுதிவிட்டார். நேரில் கண்ட சாட்சி என்று உங்கள் பெயரைப் போட்டு அடுத்த மாதம் அச்சாகிறது. நாற்காலியின் படம் கேட்டு அவர் எழுதிய கடிதமும் இதே பையில்தான் வருகிறது.

அப்பா, ஒன்று அப்படி ஒரு நாற்காலியை எங்கேயாவது கண்டுபிடியுங்கள், இல்லாவிட்டால் கட்டுரையை நிறுத்தச் சொல்லி எழுதுங்கள். அப்படி எழுதினால் அதையும் நான்தான் அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு என் வாயிலிருந்து வரும் எதையும் நம்பமாட்டார்கள். ஞாயிறு நாலு மணிக்கு மூன்று பெரியவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அதுதான் பயம்.

மேலதிகாரிக்கு என் வணக்கத்தை இரண்டு முறை சொல்லவும்.

உங்கள் வேலை இருந்தாலும் போனாலும் மாறாத அன்புள்ள,
கடைக்குட்டி

பி.கு.: பட்டியலைத் திருப்பி அனுப்பலாம் என்று அட்லஸிலிருந்து எடுத்தேன். பின்பக்கத்தை இப்போதுதான் பார்த்தேன். 'நண்பர்களே, தாள் தட்டுப்பாடு. வேண்டாத பட்டியலின் முதுகில் எழுதுகிறேன். இந்த மாதம் சொல்லும்படி ஒன்றுமில்லை. விருந்தினர்களை ஆடுகிற நாற்காலிகளில் உட்கார வைத்ததில் நேற்றைய மூன்று மணி நேரக் கூட்டம் கால் மணியில் முடிந்தது. தச்சரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.' ஆகவே அப்பா, கட்டுரையை நிறுத்த வேண்டாம். பழைய மண்டபத்தை மட்டும் அலுவலகம் என்று மாற்றச் சொன்னால் போதும். படம் அனுப்புங்கள். இரண்டு வாரம் பயந்தது வீண். பயத்துக்கு நடுவில், நானே சொந்தமாக ஒன்றை உண்டாக்கிவிட்டேன் என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதையும் எனக்கு முன்னால் நீங்களே எழுதிவிட்டீர்கள்.