ஐம்பதும் மூன்று சிலுவையும்

இரண்டு விரல் நீளத்துக்கு வெள்ளையாக எதையோ பிதுக்கி, முகத்திலும் கழுத்திலும் பூசிக்கொண்டிருந்தாள் ஜெயசீலி. கதவு மறைவில் நின்ற அவள் கணவர் லாசரஸ், அவள் திரும்பியதும் செருப்பைத் தேடுகிறவர்போலக் குனிந்தார்.

மூன்று நாளாக இதே கூத்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அறைக்குள் போகிறாள், பூசிக்கொண்டு வருகிறாள். வெளியே கிளம்பினால் முழுக்கை ரவிக்கை, வெள்ளைக் குடை. அன்று போனிலும் குசுகுசுத்தாள்.

"ரெண்டு விரல்தான் சிஸ்டர். தவறாம பண்றேன். அவருக்கா? ஊகூம், மூச்சு விடலை. அவரையும் சீக்கிரமே அங்க கூட்டிட்டு வந்துடுவேன்."

சிஸ்டரா! லாசரஸ் கதவோரமே நின்றார். அவள் சமையலறைக்குப் போனதும் அந்த ட்யூபை எடுத்துப் பார்த்தார். பெயர் இருந்த இடம் சுரண்டியிருந்தது. மிஞ்சியது ஐம்பது என்ற எண். பக்கத்தில் வரிசையாக மூன்று சிலுவை.

ஈஸ்டரிலிருந்து ஐம்பதாம் நாள்தானே பெந்தெகொஸ்தே! அடிப்பாவி, அந்தப் பெந்தெகொஸ்தே சபைக்கே போய்விட்டாளா?

வருகிற ஞாயிறு செம்பாக்கம் சபையில் கமிட்டித் தேர்தல். இரண்டு முறை நின்று தோற்ற அவருக்கு இந்த முறைதான் ஜெயிக்கிற முகம் தெரிந்தது. பெண்டாட்டியையே சபையில் பிடித்துவைக்கத் தெரியாதவனுக்கு எவன் ஓட்டுப் போடுவான்?

ட்யூபை அரிசி டிரம்முக்குள் புதைத்தார்.

சாயங்காலம் ஜெயசீலி கேட்டாள். "ஏங்க, இது அரிசியில கிடந்துச்சு. நீங்களா வெச்சீங்க?"

"நான் எதுக்கு வெக்கறேன்? எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"எலி தொட்டதை முகத்துல பூசறதா?" என்று அதைக் குப்பையில் போட்டுவிட்டு, இரண்டு மடங்கு பெரிய ட்யூபாக வாங்கி வந்தாள்.

மனசு தாங்காமல் கமிட்டியிலிருந்த எபியிடம் போய்ச் சொன்னார். "உன் காதோட இருக்கட்டும் எபி."

"என்னண்ணா, நான் போய் யார்கிட்ட சொல்லப்போறேன்?"

மறுநாள் காலையில் டீக்கடையில் சபைக்காரர் யேசுதாசன் அவர் தோளில் கை போட்டார். "என்ன லாசரஸ், தண்ணியில முங்கி மறுபடி ஞானஸ்நானம் எடுக்கறியாமே? என்னைக்கு?"

"நானா!"

"குடும்பத்தோடயே போறதாத்தான் எபி சொன்னான்."

போச்சு. கையும் களவுமாகப் பிடித்து, அவளை இழுத்து வந்து சபை ஐயர் முன்னால் நிறுத்தினால்தான் இனி மானம் மிஞ்சும். சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஜெயசீலி குடையோடு கிளம்ப, லாசரஸ் பின்னாலேயே கிளம்பினார். மண்டையைப் பிளக்கிற வெயில். குடை எடுக்கக் கை போனது. ஐயையோ, குடை பிடித்தால் தானும் அந்தக் கூட்டம் என்றல்லவா ஆகிவிடும்! வெறுந்தலையோடு நடந்தார்.

ஜெயசீலி பஸ்ஸில் போய்க் குரோம்பேட்டையில் இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டில் அன்னநடை போட்டாள். பாத்திரக்கடையில் நின்றாள். பூக்கடையில் நின்றாள். லாசரஸ் சிக்னலில் மாட்டிக்கொண்டபோது நல்லவேளை, எதிர்ப்பக்கம் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவர் மூக்கும், அதன் மேலிருந்த கறுப்புத் திட்டும், நெற்றியும் தீயாக எரிந்தன. எரியட்டும், குடும்பமே எரிகிறபோது மூக்கு என்ன கேடு?

ஒரு கட்டடத்தின் மாடிப்படியில் ஏறினாள். எட்டிப் பார்த்தார். உள்ளே பத்துப் பெண்கள், எல்லா முகத்திலும் அதே வெள்ளைப் பூச்சு, குனிந்த தலை. நடுவில் வெள்ளை உடுப்பில் ஒரு பெண். "வாங்கக்கா" என்று ஜெயசீலியின் கையைப் பிடித்தாள்.

அவ்வளவுதான், லாசரஸ் உள்ளே பாய்ந்தார். "ஜெயா! முப்பது வருஷம் எங்கூடக் குடித்தனம் பண்ணியிருக்க. இப்ப எங்கூட வர்றியா, இல்ல இந்தக் கூட்டத்தோடயே இருந்துடறியா?"

கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. ஜெயசீலி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை.

வெள்ளை உடுப்புக்காரி மேஜையிலிருந்த நோட்டைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"லாசரஸ் சார்தானே? உக்காருங்க, அடுத்த டோக்கன் உங்களுது, மூக்கு மேல இருக்கற அந்தக் கறுப்புத் திட்டை டாக்டர் பார்ப்பாரு, அக்கா பூசற அதே 'ஐம்பது ப்ளஸ் ப்ளஸ் ப்ளஸ்' வெயில் க்ரீமை உங்களுக்கும் எழுதித் தருவாரு... ஏன்க்கா, 'கூப்ட்டா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாரு, சந்தேகம் வந்தாத்தான் வருவாரு, எப்படியும் ஒரு மாசம் ஆகும்'னீங்க, ஒரே வாரத்துல வந்துட்டாரே!"