மூன்று தடவை கூப்பிடுகிறவர்

கிள்ளானிலிருந்து அம்பாங் வரை, பேய்க்குப் பயப்படாதவர்கள்கூட எங்கள் ஒட்டு அங்கிளுக்குப் பயந்தார்கள். அவர் தெருவில் நுழைந்தால் நாய் குரைப்பதை நிறுத்தும், டிவி சத்தம் அடங்கும், கொடியில் காய்கிற துணிகூட அசையாது. துணி விஷயம் மட்டும் நான் சேர்த்துக்கொண்டது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருக்கிற லாயர் ஆபீஸில் நான் கிளார்க். கோர்ட் சம்மனை உரியவர் கையில் சேர்ப்பது அங்கிளின் வேலை. ஆள் அகப்படாவிட்டால் கோர்ட் அனுமதி வாங்கி, கதவில் ஒட்டிவிட்டு வருவார். அந்தப் பசையை மரவள்ளி மாவில் அவரே காய்ச்சிப் பால்மாவு டின்னில் எடுத்து வருவார். மரப்படியில் அவர் காலடியே கேட்காது. திடீரென்று பசை வாசம் அடிக்கும். நிமிர்ந்தால் மேசைக்கு எதிரே நிற்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நான் மூன்று காபி கோப்பைகளை உடைத்தேன்.

பேய் இரண்டு தடவைதான் பெயர் சொல்லிக் கூப்பிடும், மூன்றாவது தடவையும் கூப்பிட்டால் மனுசன் என்று நம் வீடுகளில் சொல்லித்தானே வளர்த்தார்கள். அங்கிள் பிழைப்பே அதில்தான் ஓடியது. வாசலில் நின்று, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரலில் முழுப் பெயரையும் சொல்லி இரண்டு தடவை கூப்பிடுவார். அப்புறம் நிறுத்திவிடுவார். ஒரு நிமிடம் ஆகும், இரண்டு நிமிடம் ஆகும், உள்ளே ஒளிந்திருக்கிறவனுக்கு வியர்த்துக் கொட்டும். பிறகு மெதுவாக மூன்றாவது தடவை கூப்பிடுவார். மனுசன்தான் என்ற நிம்மதியில் அவன் பதில் சொல்லிவிடுவான். அம்பாங்கில் ஒருவன் அலமாரிக்குள் இருந்தபடியே "வரேண்ணே" என்று குரல் கொடுத்து, வந்து கையெழுத்துப் போட்டு, நன்றியும் சொன்னானாம்.

ஒருமுறை கேரி தீவிலிருந்து கொடுக்காத சம்மனோடு திரும்பி வந்தார்.

"ஆள் இல்லையா அங்கிள்?"

"இருந்தாரு. மூணு தடவை கூப்பிட்டேன், உள்ளேருந்து பதிலும் வந்துச்சு. ஆனா வாங்கிக்கல."

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். அந்த ஆள் இறந்து இரண்டு வாரம் ஆகிறதாம், வீடு பூட்டிக் கிடக்கிறதாம். நான் அந்தச் சம்மனை மேசையில் போட்டுவிட்டுத் தள்ளி நின்றேன். லாயர் மேடம் மட்டும் விடாமல், "ஏன் வாங்கலன்னு கேட்டீங்களா?" என்றார்.

"கேட்டேன் மேடம். அட்ரஸ் மாறிடுச்சாம்."

இப்படிப்பட்டவர் மேலேயே ஒரு கேஸ் வந்தது. செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி பேக் பண்ணுகிற மாலினி, மகளின் பராமரிப்புக்கு வழி கேட்டு மாடியேறி வந்தாள். புருசன் மூன்று வருடத்துக்கு முன் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவன், போனவன் போனவன்தான். மகள் கீர்த்திக்கு ஏழு வயது, ஆஸ்துமா. மருந்தும் ஸ்கூல் பஸ்ஸும் சேர்ந்து மாலினியின் சம்பளத்தை விழுங்கிக்கொண்டிருந்தன.

"பிள்ளை போன வருசம் வரைக்கும் மாமனார் வீட்டுலதான் மேடம் வளர்ந்தா. அவருதான் எல்லாம் பார்த்தாரு. நான் தனியா வந்ததும் நிறுத்திட்டாரு. கேட்டா, என் மகன் வந்து கொடுப்பான்னு சொல்றாரு."

"தாத்தாங்கிற ஒரே காரணத்துக்காக கட்டச் சொல்ல முடியாதும்மா," என்றார் மேடம். "ஆனா பிள்ளையைத் தன் குடும்பத்துல ஒருத்தியா ஏத்துக்கிட்டவரு, பெத்தவங்களால முடியாம போனா பொறுப்பு எடுக்கணும்னு கேட்கலாம். மாமனார் யாரு?"

"உங்க ஒட்டு அங்கிள்தான்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "தெரிஞ்சேவா இங்க வந்தீங்க?"

"தெரிஞ்சுதான். இந்த ஆபீஸ் பேப்பர் சேராம இருந்ததே இல்லன்னு சொன்னாங்க."

அப்போது பசை வாசம் அடித்தது. அங்கிள் கதவருகே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியாது.

"கிள்ளான் என் ஏரியா. அந்தப் பேப்பரை வேற எவனும் தொடக் கூடாது."

"உங்க சம்மனை நீங்களே உங்களுக்குக் கொடுக்க முடியாது லா அங்கிள்!" என்றேன் நான்.

"அப்ப இந்தப் பொண்ணு கொடுக்கட்டும்," என்று என்னைக் காட்டினார். "கூப்பிடறது நான்தான்."

கோர்ட் அனுமதி வந்ததும் இரண்டு சம்மன்களோடு நானும் அங்கிளும் கிள்ளானில் இருக்கிற அவர் வீட்டுக்குப் போனோம். மகன் பெயரில் ஒன்று, கதவில் ஒட்டுவதற்கு. அங்கிள் பெயரில் ஒன்று. உச்சி வெயில் நேரம். அந்த வரிசை வீடுகளில் ஒரு சத்தம் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். மேசையில் சோறு போட்டு மூடி, பக்கத்தில் தண்ணீர் வைத்திருந்தது. வீட்டில் இருப்பது அவர் ஒருவர்தான், அவரோ என் பக்கத்தில் நிற்கிறார். மூன்று வருடமாக வராத மகனுக்குத்தான் அந்தச் சோறு என்று அப்போதுதான் புரிந்தது.

முதலில் மகனைக் கூப்பிட்டார்.

"சிங்காரம் மகன் தினேஷ்!"

இரண்டாவது தடவையும் கூப்பிட்டு நிறுத்தினார். உள்ளே ஏதோ ஒரு கரண்டி விழுந்த சத்தம். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அங்கிள் காதைக் கதவில் வைத்து வெகுநேரம் நின்றார். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அது கிணற்றுக் குரல் இல்லை, ஒரு அப்பாவின் குரல். பதில் வரவில்லை. டின்னைத் திறந்து, தன் கதவிலேயே பசை தடவி ஒட்டினார். சுருக்கம் விழாமல் உள்ளங்கையால் நீவிவிட்டார்.

பிறகு அதே கதவைப் பார்த்துத் தன் பெயரைக் கூப்பிட்டார்.

"சிங்காரம்!" இரண்டாவது தடவை, "சிங்காரம்!" அந்த இடைவெளியில் உள்ளேயிருந்து யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூன்றாவது தடவை கூப்பிட்டுவிட்டு அவரே, "இருக்கேன்," என்றார். என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"கொடும்மா. அவன் மூணு தடவைக்கும் பதில் சொல்லல. இனிமே பிள்ளை என் பொறுப்பு."

கோர்ட்டில் அவர் ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லை. மாதம் பிறந்தால் பணத்தை எடுத்துக்கொண்டு தானே செலாயாங்குக்குப் போய், மாலினி வீட்டு கேட்டருகே நின்று கீர்த்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "முதல் தடவையே ஓடி வந்துடறா, என்னத்த பிள்ளை வளர்க்குறாங்க," என்று எங்களிடம் குறைப்பட்டுக்கொள்வார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

போன வருடம் அவர் காலமானார். சில மத்தியானங்களில் ஆபீஸ் மாடிப்படியில் பசை வாசம் அடிக்கிறது. என் பெயரை யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. இரண்டே தடவைதான். நான் மூன்றாவது தடவைக்குக் காத்திருப்பதில்லை. "வாங்க அங்கிள், காபி போடறேன்," என்று எழுந்துவிடுகிறேன்.