மச்சானுக்கு, உன் தங்கையின் ரிவால்வர் விஷயமாக

மரியாதைக்குரிய மச்சான் ராய்ஸ் அவர்களுக்கு,

ஓக்லஹோமாவிலிருந்து தங்கள் தங்கை புருஷன் வெர்லின் பணிவுடன் எழுதுவது. இங்கு ட்வைலா நலம், நாய் நலம். இத்தனை வருடத்தில் உன்னை நான் ‘அவர்கள்’ போட்டு அழைத்ததில்லை. விஷயம் எவ்வளவு முற்றிவிட்டது என்று இதிலிருந்தே உனக்குப் புரிந்திருக்கும். போனில் சொல்லலாம் என்றால் உன் தங்கைக்குப் பாம்புக் காது.

வருகிற சனிக்கிழமை மாநிலக் கௌபாய் துப்பாக்கிப் போட்டி. போன வருடம் விசை கனமாக இருந்து, கடைசி இரும்பு இலக்குத் தட்டைக் குறி தவறிக் கோப்பையை விட்டவள் ட்வைலா. வீடு வந்து சேரும்வரை வண்டியின் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. ரிவால்வரை உன் துப்பாக்கி ரிப்பேர் கடையில் கொடுத்துச் சரிசெய்யலாம் என்று அவள் பண்டிகை விருந்தில் சொன்னபோது நான்தான் வான்கோழியை வெட்டிக்கொண்டே, “ரெண்டு ஸ்பிரிங்க மாத்தி, நாலு தேய் தேய்க்கிறதுக்கு ஒரு கன்னுக்குட்டி வெல கேக்கிறான் உங்கண்ணன். நானே செய்யறேன்” என்று வாய் விட்டேன். நீ தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “செய்யி மாப்ள. செஞ்சு முடிச்சு ஒரு டப்பாவுல அள்ளிப் போட்டு எங்கிட்ட கொண்டா. எல்லாரும் அப்படித்தான் கொண்டாராங்க” என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அதுதான் எனக்கு ரோஷம்.

இழுப்பறையிலிருந்து ரிவால்வரை அவளுக்குத் தெரியாமல் எடுத்தேன். உள்ளே குண்டு இல்லை என்று பார்த்துக்கொண்டேன், அந்த அளவுக்கு மூளை இருந்தது. விசையை இழுத்தால் வெண்ணெயில் விரல் விட்டதுபோல் போகிறது. இதையா கனம் என்று அழுதாள் என்றுகூட நினைத்தேன், ஆனால் புது ஸ்பிரிங் வாங்கி வைத்தாயிற்றே, சும்மா விட முடியுமா, பக்கவாட்டுத் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன், தகடு வளைந்தது, உள்ளேயிருந்து ஒரு குட்டி ஸ்பிரிங் துள்ளிப் பறந்து, சர்ச் விருந்துக்காக அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பீன்ஸ் பானைக்குள் விழுந்தது. காந்தத்தைக் கயிற்றில் கட்டி விட்டுத் துழாவிக்கொண்டிருக்கையில் ட்வைலா வந்துவிட்டாள்.

“என்ன வெர்லின், பீன்ஸுல மீன் புடிக்கிறியா?”

“உப்புப் பாத்தேன்.”

“காந்தத்தாலயா?”

விருந்தில் நான் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஊரில் இருக்கிற ஒவ்வொரு தாடையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் சபை மூப்பர் க்ளோவிஸ் வாயிலிருந்து எதையோ எடுத்துத் தட்டோரம் வைத்து, “பீன்ஸு பிரமாதம் ட்வைலா. கம்பியத்தான் இன்னுங் கொஞ்சம் வேக விட்டிருக்கலாம்” என்றார். நான் தட்டைக் கழுவப் போகிறவன்போல் போய் அதைப் பொறுக்கிக்கொண்டேன்.

இன்னொன்று கேள். உள்ளே எனக்கு முன்பே எவனோ கை வைத்திருக்கிறான்! பாகமெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாகக் கிடக்கிறது. பெரிய ஸ்பிரிங்கைக் கையாலேயே மெலிதாக்கி வைத்திருக்கிறான். எந்தக் கழுதை பார்த்த வேலையோ என்று திட்டிக்கொண்டே அதைக் குப்பையில் போட்டுப் புதுசை மாட்டினேன், குப்பை வண்டியும் வந்து போய்விட்டது. பிறகு, குண்டை அடிக்கிற சுத்தி மாட்டி நிற்கிற பல்லை உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்தேன். இப்போது அந்தச் சுத்தி நிற்கமாட்டேன் என்கிறது. தும்மினால் விழுகிறது. தோட்டத்தில் போய்க் குண்டு போட்டுப் பார்த்தேன், விழுந்தாலும் வெடிப்பதில்லை. முதலில் வெடிக்குமென்று பயந்து ஓடிய நாய் இப்போது என் காலடியில் படுத்துத் தூங்குகிறது.

மச்சான், வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். அவள் போட்டிக்கென்று புதுப் பாவாடை தைத்து முடித்துவிட்டாள். கண்ணாடி முன் நின்று போட்டுப் பார்க்கிறாள். போன வருடம் கோப்பையைக் கெடுத்தது கனமான விசை, இந்த வருடம் கெடுத்தது நான். வியாழக்கிழமை தீவனம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, நீ சொன்னபடியே டப்பாவில் அள்ளிக்கொண்டு உன் கடைக்கு வருகிறேன். என்ன கேட்டாலும் தருகிறேன். ட்வைலாவிடம் மட்டும் மூச்சு விடாதே.

உன் கையையும் கண்ணையும் கர்த்தர் எப்போதும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னை நம்பியே உயிரோடிருக்கும்
வெர்லின்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ட்வைலா கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “என்னோடது மூணு வாரமா அண்ணன் கடையிலதான இருக்கு, எப்பவோ ரெடி, வெள்ளிக்கிழமை எடுத்துட்டு வரான். நீ குதிப்பியேன்னு உங்கிட்ட சொல்லல” என்றாள். அப்படியானால் இழுப்பறையில் இருந்தது யாருடையது என்று கேட்டேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. “அண்ணனோட சொந்தத் துப்பாக்கி, பாக்க என்னோடது மாதிரியேதான் இருக்கும். பழகறதுக்குக் குடுத்தான். பதினோரு வருஷம் உக்காந்து கையாலயே தேய்ச்சது. பொண்டாட்டியக்கூடத் தொட விடமாட்டான்.” ஆகவே மேலே எழுதியதில் நலம் என்று சொன்னதைத் தவிர வேறெதையும் படிக்க வேண்டாம். அந்தக் கழுதை வரியையாவது அடித்துவிடலாம் என்று பார்த்தேன், பேனாவை அவள் பிடுங்கி வைத்துக்கொண்டாள். இதைப் பென்சிலில் எழுதுகிறேன். தபால்தலையோடு பக்கத்திலேயே நிற்கிறாள்.