புகார் இல்லாத தெரு

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொண்டது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் பாதி பொய்யாகிவிடும் என்பதால் இரண்டாம் பாதியை மட்டும் ஏற்றுக்கொள்ளவும். போனில் சொல்லியிருக்கலாம், நான் மூச்சு வாங்குவதற்குள் "மீட்டிங்ல இருக்கேன் மாமா" என்பீர்கள். கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது.

போன வருடம் இங்கே வந்திருந்தபோது, மின்சார நிறுவனத்துக்கு உங்கள் குழு செய்துகொடுத்த ஏற்பாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் விளக்கினீர்கள். "பழைய பதிவு எல்லாத்தையும் தோண்டி எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருக்கோம் மாமா. கரண்ட் பத்தலைன்னா எந்தத் தெருவை நிறுத்தினா ஜனங்களுக்குத் தொந்தரவு கம்மின்னு அதுவே சொல்லிடும். அதிகாரி சரின்னு ஒரு தட்டு தட்டினா போதும்" என்றீர்கள். முப்பத்தோரு வருடம் துணைமின் நிலையத்தில் உட்கார்ந்து எந்தத் தெருவை நிறுத்துவது என்று முடிவு செய்தவன் எதிரே இருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றியதா? மகள் முகத்துக்காகப் பிரமாதம் என்று சொல்லிவைத்தேன்.

வேலையில் இருந்தவரை நிறுவனத்துக் குடியிருப்பில் இருந்தோம். ஓய்வு பெற்றபின், சாயப்பட்டறைக்குப் பின்னாலுள்ள இந்தத் தெருவில்தான் நமக்குக் கட்டுபடியாகிற வாடகைக்கு வீடு கிடைத்தது. உங்கள் மாமியாரின் நுரையீரல் அவளைக் கைவிட்டதும் இங்கேதான். நாள் முழுக்க ஆக்சிஜன் மிஷினோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதது, போன செவ்வாய் மதியம் இரண்டு மணிக்கு அந்த மிஷின் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரை மாட்டினேன், சமாளித்தோம். புதனும் அதே இரண்டு மணி, சிலிண்டர் காலி. வியாழன் சிலிண்டர்காரர் வருவதற்கு முன்னால் கரண்ட் போய்விட்டது, அவள் உதடு மை தொட்ட மாதிரி நீலமாகிவிட்டது, மாடி வீட்டு டிரைவரும் நானும் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடும் ஆக்சிஜன் மிஷினோடும் தூக்கிக்கொண்டு அடுத்த தெரு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினோம், அங்கே ராஜா மாதிரி கரண்ட் இருக்கிறது, ஆனால் பிளக் ஒன்றே ஒன்று. கடைக்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அம்மா முதல்ல மூச்சு விடட்டும், ஜெராக்ஸ் எங்க போயிடப்போவுது" என்று தன் மிஷின் ஒயரைப் பிடுங்கினார். பாதி நகல் எடுத்து நின்றவர்கள் எல்லாரும் அவளைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் மூக்கில் குழாயோடு என்னைப் பார்த்து, "நைட்டியோட கடைத்தெருவுக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்களே" என்றாள். மானம் திரும்பியதும் மூச்சும் திரும்பிவிட்டது என்று புரிந்துகொண்டேன். ஆனாலும் இரண்டு நாள் ஆஸ்பத்திரி.

புகார் எண்ணுக்குப் பேசினேன். ஒரு பெண் மிக மரியாதையாக, "உங்க தெருவுல கரண்ட் போனா யாருக்கும் சிரமம் இல்லைன்னு காட்டுது சார்" என்றது.

"எனக்குச் சிரமமா இருக்கேம்மா."

"சிஸ்டத்துல அப்படிக் காட்டலை சார்."

மறுநாள் அதிகாரியிடம் நேரே போனேன். உங்கள் ஏற்பாட்டின்படி தட்டுகிறவர் அவர்தான். "கம்ப்யூட்டர் சொல்லுது, நான் தட்டறேன்" என்றார். பூம்பூம் மாடுகூட யார் பேச்சுக்குத் தலையாட்டுகிறோம் என்று ஒருமுறை பார்க்கும். எந்தப் பதிவைப் பார்த்து எங்கள் தலையில் கைவைத்தது, அதைக் காட்டாமல் விடமாட்டேன் என்று சண்டை போட்டேன். தேடி அனுப்புவதாகச் சொன்னார்.

மாப்பிள்ளை, படித்தவர்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் பரணில் போடுங்கள். ஈவு இரக்கம் உள்ள ஒரு மனுஷனை அந்த நாற்காலியில் உட்காரவையுங்கள். அதுவரை நீங்கள் இந்த வீட்டு வாசல் மிதிக்க வேண்டாம்.

மகளுக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசிகள். உங்களுக்கும்தான், கரண்ட் இருக்கும் நேரங்களில் மட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் அதிகாரியின் ஆள் ஒரு கட்டு நகல் கொண்டுவந்து கொடுத்தான். பழைய மின்தடைப் பதிவேட்டின் பக்கங்கள். வருடக்கணக்காக மதியம் இரண்டு மணிக்கு இதே தெரு, எதிரே "புகார் இல்லை". உங்கள் மாமியார் வாங்கிப் பார்த்தாள். "எல்லாத்துலயும் 'புகர்'னு இருக்கு. துணைக்காலை முழுங்கற பழக்கம் உங்களுக்குத்தானே?" என்றாள். ஆமாம், என் கையெழுத்துதான். இந்தத் தெருவில் பெரிய மனுஷர் யாரும் இல்லை என்பதால் முதலில் இதைத்தான் நிறுத்துவேன். நிறுத்தியதும் போன் ரிசீவரை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவேன். அப்புறம் புகார் எப்படி வரும்? இதை அவளிடம் சொன்னேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள். மேலே எழுதியது தப்பென்று ஒப்புக்கொண்டு கிழிக்கலாம், ஆனால் எனக்கு அந்தத் தைரியம் எப்போதும் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் மாப்பிள்ளை. அந்தப் பதிவேடு மொத்தமும் பொய் என்று எங்கே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.