பினாங்குக்குப் போன பல்

மலாயாவில் நிபோங் திபாலுக்குப் பக்கத்திலிருந்த ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்த சின்னையா, கல்யாணமாகிப் பன்னிரண்டாவது வருஷத்தில் ஒரு வீரத் தீர்மானம் செய்தார். பினாங்குக்குப் போவது. தனியாகப் போவது. மூன்று நாள் தங்குவது.

அங்கே குளிர் நடுக்கும் கொடிமலை உச்சிக்குப் புதிதாக ரயில் விட்டிருந்தார்கள். ஹபீப் முகம்மது கடை ஆட்டுக்கறிக் குழம்பைப் பற்றித் தோட்டமே எச்சில் ஊறப் பேசியது. அந்தக் கடைக்கு மேலேயே கடல் பார்த்த அறைகளும் வாடகைக்குக் கிடைத்தன. இவ்வளவு சுகத்தையும் மனைவி நவமணியோடு பங்கு போட்டுக்கொள்ள அவர் மனம் இடம் தரவில்லை.

துரை லீவு கொடுத்த அன்றே அவருக்குப் பல்வலி வந்துவிட்டது. கன்னத்தைத் தாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், நல்ல பல் டாக்டர் பினாங்கில்தான் இருக்கிறாராம் என்று முனகினார். நவமணி பதறிப்போய், கூட வருகிறேன் என்றாள்.

உடனே சின்னையா அந்த ஊரின் பெருமைகளை எடுத்துவிட்டார். மூட்டைப்பூச்சி ஆளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகும். ரிக்‌ஷாக்காரன் ஊரைச் சுற்றி, ஏறின இடத்திலேயே இறக்கிவிடுவான். சோற்றில் கல்லைப் பொறுக்கினால் சோறே மிஞ்சாது. பொம்பளைகள் போகிற ஊரா அது?

நவமணி கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"அப்படிப்பட்ட ஊருக்கு, வலியோட உங்களத் தனியா அனுப்பிட்டு நான் இங்க நிம்மதியா இருப்பேனா?"

கிராணியார் இரண்டு டிக்கெட் வாங்கினார்.

பிறை ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, பினாங்குத் தீவுக்குப் படகேறினார்கள். கரையோர வெள்ளைக் கட்டடங்களைப் பார்த்த நவமணி, ஊர் அவ்வளவு மோசமாகத் தெரியவில்லையே என்று மட்டும் சொன்னாள். ஹபீப் முகம்மது கடை மாடி அறையில் பெட்டியை வைத்ததுமே சின்னையாவுக்கு வலி பறந்துவிட்டது. எல்லாம் கடற்காற்றின் மகிமை என்றார். அவளோ ரிக்‌ஷாவை நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

சீன டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று மலாயில் சொன்னார். சின்னையா சந்தோஷமாக எழுந்தார். நவமணி அவர் தோளை அமுக்கி உட்காரவைத்து, தனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் விளக்கினாள். இவருக்கு ராத்திரியில்தான் வலிக்கும், வெளியே சொல்லமாட்டார், அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிடுங்கள்.

பொய்யைக் கக்க வேண்டும், இல்லையென்றால் பல்லைக் கக்க வேண்டும். மானத்தோடு ஒப்பிட்டால் பல் மலிவு என்று தோன்றியது. வாயைத் திறந்தார்.

இரண்டு நாளைக்கு ஆறிய கஞ்சி, காரம் கூடாது, குளிர்காற்று படக்கூடாது என்றார் டாக்டர். நவமணி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஹபீப் முகம்மது கடையில் அவருக்குக் கஞ்சி வந்தது. எதிரில் உட்கார்ந்து அவள் நல்லியெலும்பை உறிஞ்சினாள். மறுநாள் கடைக்காரரின் மனைவி நூர்ஜானோடு கொடிமலை ரயிலேறினாள். அதற்கு மறுநாள் இருவரும் தண்ணீர்மலை அருவிக்குப் போனார்கள். கிராணியார் படுத்தபடி கடலைப் பார்த்தார். அவர் போட்ட திட்டத்தில் அவருக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அதையும் மழை மறைத்துவிட்டது.

கிளம்பும் நாள் காலையில், வாய்ப் பஞ்சை ஒதுக்கிக்கொண்டு அவர் மெதுவாகக் கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

நவமணி பெட்டிக்குள் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பல்லு புடுங்கப் போறவரு கம்பளிச் சட்டைய எதுக்குங்க எடுத்து வச்சாரு? அதுவும் நல்லதாப் போச்சு. மலையில எனக்கு உதவுச்சு."

சின்னையா கன்னத்தைத் தாங்கிக்கொண்டார். வலித்தது, இப்போது நிஜமாகவே.

அவள் பெட்டியை மூடிவிட்டு, ஜன்னல் வழியாக ஊரை ஒருமுறை ஆசையாகப் பார்த்தாள்.

"அடுத்த வருஷமும் வரலாங்க. இன்னும் முப்பத்தொரு பல்லு இருக்கே."