நேர்காணலுக்காக நான் வாத்து விரட்டிய கதை

விண்ணப்பத்தில் பொய் எழுதுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. நான் எழுதியது ஒரே ஒரு வரிதான்: ‘இப்பகுதி வாத்து வளர்ப்போர் என்மீது ஆழ்ந்த நம்பிக்கை கொண்டவர்கள்.’ (அவர்களில் பாதிப் பேருக்கு என் பெயர்கூடத் தெரியாது.)

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. கால்நடை மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். இளம் விஞ்ஞானிகள் ஐந்து வருடம் சொந்தமாக ஆராய்ச்சி செய்ய ஓர் அறக்கட்டளை ஃபெலோஷிப் கொடுத்தது. அது கிடைத்தால் எனக்கென்று ஒரு சின்ன ஆய்வகம். கிடைக்காவிட்டால், துறைத்தலைவர் சேகரிக்கும் சாணி மாதிரிகளுக்கு லேபிள் ஒட்டியே ஓய்வு பெற வேண்டியதுதான்.

அறுவடை முடிந்த வயல்களில் மேயும் வாத்துக் கூட்டங்களுக்குள் நோய் எப்படிப் பரவுகிறது என்பது என் ஆராய்ச்சி. இறுதிச் சுற்று, வீடியோவில் நேர்காணல். மற்றவர்கள் எல்லாம் புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவார்கள், நாம் வயலிலிருந்தே பேசினால் தேர்வுக் குழு அசந்துவிடும் என்று நினைத்தேன். (அசந்தார்கள். அதில் குறையில்லை.)

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்த காதர் பாயிடம் போனேன். “பாய், நாளைக்குப் பத்து மணிக்கு வாத்தெல்லாம் எனக்குப் பின்னாடி அமைதியா மேயணும்.”

“டாக்டரம்மா, அது என்ன கல்யாண வீட்டு ஆளுங்களா, போட்டோவுக்கு நிக்க?” என்றார் பாய். ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

மறுநாள் குறுவை நெல் அறுத்த வயலில் ஒரு ஸ்டூல், அதன்மேல் மடிக்கணினி. எதிரே இன்னொரு ஸ்டூலில் நான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரான என் கணவர் செந்தில் லீவு போட்டுவிட்டு வந்து, சிக்னலுக்காகக் கைபேசியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி வரப்பில் நின்றார். நான் சலவை செய்த வெள்ளைக் கோட்டு போட்டிருந்தேன். சேற்று வயலுக்கு எதற்கு வெள்ளைக் கோட்டு என்று அவர் கேட்டார். விஞ்ஞானி என்று தெரிய வேண்டாமா என்றேன்.

குழுத் தலைவி ஒரு மூத்த பேராசிரியை. பூர்வீகம் சீர்காழி என்று சிரித்தபடி அறிமுகம் செய்துகொண்டார். முதல் பத்து நிமிடம் நான் பிரமாதமாகப் பேசினேன். “விவசாயிகளின் நம்பிக்கை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றார் அவர். நான் எழுந்து நின்று இரண்டு கைகளையும் அகல விரித்து, “இந்த டெல்டாவே என் ஆய்வகம்!” என்றேன்.

வாத்து ஓட்டுபவர்கள் நீளமான கம்பு நுனியில் வெள்ளைப் பாலிதீன் பை கட்டி வைத்திருப்பார்கள். அது ஆடினால் வாத்துகள் அலறி ஓடும். கோட்டுக் கையோடு நான் சாட்சாத் அந்தப் பை மாதிரியே இருந்திருக்கிறேன். மொத்தக் கூட்டமும் ஒரே கத்தாகக் கத்திக்கொண்டு, வரப்பைத் தாண்டி அடுத்த வயலுக்குள் பாய்ந்தது. அங்கே அடுத்த போகத்துக்குத் தாளடி நாற்று நட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை.

அந்த வயலுக்குச் சொந்தக்காரர் செல்வமணி அக்கா எங்கிருந்துதான் வந்தாரோ!

“யாருடி அவ? வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கிட்டு என் வயல்ல வாத்தை வெரட்டுறவ?”

“நான் டாக்டருங்க...”

“எந்த டாக்டரு? உன் மூஞ்சியை இந்தப் பக்கம் பார்த்ததே இல்லையே!”

மடிக்கணினியிலிருந்து குழுத் தலைவியின் குரல் வந்தது: “இவரும் உங்கள்மீது நம்பிக்கை கொண்டவர்களில் ஒருவரா?”

நான் வாத்துகளைத் திருப்ப ஓடினேன். முழங்கால்வரை சேறு. ஒரு செருப்பு இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. கோட்டு ஆட ஆட வாத்துகள் இன்னும் தூரம் ஓடின. “அதை அவுத்துத் தொலை!” என்று செல்வமணி அக்கா கத்திய பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

ஒருவழியாக வாத்துகளைக் கரையேற்றிவிட்டு வந்து பார்த்தால், என் ஸ்டூலில் காதர் பாய் உட்கார்ந்திருக்கிறார்! பெரிய மனுஷியைக் காக்க வைப்பது மரியாதையில்லை என்று அவராகவே பேச ஆரம்பித்துவிட்டார். தலைவியும் தமிழிலேயே விசாரித்துக்கொண்டிருந்தார்.

“நோய்ல செத்த வாத்தை என்ன செய்வீங்க?”

“வாய்க்கால்ல வீசிடுவோம்மா.”

“புதைக்கிறதாத்தானே டாக்டர் எழுதியிருக்காங்க?”

“அப்படித்தான் அவங்ககிட்ட சொன்னோம். பாவம், வெயில்ல நோட்டைத் தூக்கிக்கிட்டு வந்து கேக்குறாங்க. வீசுறோம்னு சொன்னா மனசு கஷ்டப்படுவாங்க. அதான், புதைச்சாச்சுன்னு சொல்லி அனுப்பிருவோம்.”

என் விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு வரைபடம் இருந்தது. எல்லோருமே புதைக்கிறார்கள் என்று ஒரே ஒரு கம்பம் பனைமரம் மாதிரி நிற்கும். அதைத்தான் பாய் வேரோடு சாய்த்துக்கொண்டிருந்தார்.

“ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?” என்று தலைவி என்னைக் கேட்டார். சேறு வழியும் முகத்தோடு வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து செந்திலுக்குக் கை வலித்துவிட்டது. கைபேசி இறங்கியது, இணைப்பும் போனது.

மறுநாள் நானும் செந்திலும் போய்ச் சாய்ந்த நாற்றுகளைத் திரும்ப ஊன்றிக் கொடுத்தோம். “படிச்சவளுக்கு ஒரு வரிசை நேரா வருதா பாரு” என்று செல்வமணி அக்கா கடைசிவரை கூடவே நின்றார். இரண்டு வாரத்தில் நிராகரிப்புக் கடிதமும் வந்தது. அழுது முடித்துவிட்டு நேரே பாயிடம் போனேன்.

“ஏன் பாய் என்கிட்ட பொய் சொன்னீங்க?”

“நீங்க கேட்டது அப்படிம்மா. ‘செத்ததைப் புதைச்சிடுறீங்கதானே?’ன்னு கேட்டீங்க. ஆமான்னு சொல்லாம வேற என்ன சொல்றது?”

எந்தப் பேராசிரியரும் என் கேள்விப் பட்டியலில் அந்த ‘தானே’யைக் கண்டுபிடித்ததில்லை.

அடுத்த ஒரு வருடம் நோட்டும் கோட்டும் இல்லாமல் வாத்துக் கூட்டங்களின் பின்னால் நடந்தேன். கேட்டது குறைவு, பார்த்தது அதிகம். மறுபடி விண்ணப்பித்தபோது முதல் பக்கத்தில் என் தவறைத்தான் எழுதினேன். அதே தலைவி. “இந்த முறை எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார். “கதவைச் சாத்திய அறையில், மேடம்.” ஃபெலோஷிப் கிடைத்தது.

ஆனால் வீட்டில் ஒரு வார்த்தை நிரந்தரமாகத் தங்கிவிட்டது. “ஹோம்வொர்க் முடிச்சியா?” என்று கேட்டால் என் மகள், “புதைச்சாச்சும்மா” என்கிறாள். மோட்டார் நிறுத்தியாயிற்றா என்றால் செந்திலிடமிருந்தும் அதே பதில்தான்.

போன வாரம், ஆண்டறிக்கை அனுப்பியாகிவிட்டதா என்று துறைத்தலைவர் போனில் கேட்டார். “காலையிலயே அனுப்பிட்டேன் சார்” என்றேன். சமையலறையிலிருந்து அப்பனும் மகளும் ஒரே குரலில் கத்தினார்கள்: “புதைச்சாச்சு!”

“என்னம்மா, வீட்டுல ஏதும் துக்கமா?” என்றார் அவர்.